அந்தத் தங்கப் பறவைகள்

ஹெப்பகோடியில் நான்காவது மாடியில் வாசம் செய்பவனும், இன்னும் பத்தொன்பது நாளில் மாப்பிள்ளை ஆகப்போகிறவனுமாகிய என் ஒரே மகனுக்கு, பெங்களூர் அடுகோடியில் முப்பத்தெட்டு வருடம் லேத் பட்டறை நடத்தித் தென்னிந்தியாவே கழன்று விழாமல் நட்டும் போல்ட்டும் கடைந்து கொடுத்தவனும், தீப்பெட்டியைக் கையில் எடுத்தால் வானமே ஓர் அடி பின்வாங்கும் என்று பெயர் வாங்கியவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் நம் மொட்டைமாடியிலிருந்து வாணவேடிக்கை விட வேண்டும், அத்திபெலேக்கு நானே போய்ப் பார்த்து வாங்கிவர வேண்டும் என்றாய். "எனக்கு ஆறு வயசுல விட்டீங்களேப்பா, அந்த மாதிரி. தங்கப் பறவையெல்லாம் வந்துச்சே, அந்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்து, "ஆகட்டும்டா ராஜா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "சொல்லிட்டீங்களா?" என்றாள். "இல்ல" என்றேன். "இருபத்து மூணு வருஷமா இதே இல்லதான்" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன். பேச ஆரம்பித்தால் பொய் சொல்லிவிடுவேன். என் வாய்க்கு அது ஓடிப் பழகிய பாதை. இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிய கையோடு நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஏனென்றால் அந்தத் தங்கப் பறவைக் கதையை நான் சொல்லிக் கேட்காதவர் அங்கே யாருமில்லை. உன் சித்தி கல்யாணத்தில் சொன்னபோது ஐம்பது பறவைகள். நீ வேலையில் சேர்ந்த விருந்தில் ஐந்நூறு. போன வருடம் நிச்சயதார்த்தத்தன்று உன் மாமனாரிடம் சொன்னபோது ஆயிரம், அதில் ஒன்று இறங்கி வந்து உன் தலையில் உட்கார்ந்துவிட்டுப் போனது. அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரையும் கும்பிட வைத்தவன் எல்லோர் முன்னாலும்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையான கணக்கு இருபத்திரண்டு. அவை எங்கிருந்து வந்தன என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் கதவைத் திறந்துவிட்டவன் நான்.

உனக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. உன் கை என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஆகிவிட்டது. தினமும் காலையில் ஒரு சீட்டில் உன் ரத்தத்தின் பிளேட்லெட் எண் எழுதி வரும். அந்த எண் இறங்கினால் உன் அம்மா பெஞ்சில் இருந்து எழுந்திருக்க மாட்டாள். நான் எத்தனையோ இரும்பைக் கடைந்தவன், அந்தச் சீட்டை மட்டும் நர்ஸிடமே படிக்கச் சொல்வேன். பத்தாம் நாள் காலை எண் ஏறியது. மறுநாள் இன்னும் ஏறியது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னபோது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இரண்டாகப் பிளந்து பாதியைக் கொடுத்திருந்தால் பெங்களூருக்கு ஒரு வருடத்துக்குக் கரண்ட் வந்திருக்கும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அழத் தெரியாது. சாமி கும்பிட்டால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அத்திபெலே போனேன். மாநில எல்லையில் வரிசையாகப் பட்டாசுக் கடைகள், கூரை தொட அடுக்கிய அட்டைப்பெட்டிகள். உலகத்து இடியெல்லாம் மழைக்காலம் வரும்வரை அங்கேதான் வாடகைக்குத் தங்கியிருக்கிறது என்று தோன்றும். கடைக்காரர், மேலே போய் விரிந்து பொன்னாகக் கொட்டும் வாணம் ஒன்றைக் காட்டினார், அப்போது புதிதாக வந்த சரக்கு. காலுக்கு நடுவில் ஒரு பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு திரும்பினேன்.

இந்த இடத்தில் உன் அப்பனின் நல்ல குணத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். நான் யாரிடமும் சொல்லாமல் வெடித்தவனில்லை. ஒரு டப்பா மைசூர்பாகுடன் தெரு முழுக்க வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டில் நாய் இருந்தது. அந்த அம்மாவிடம், ஏழு மணிக்கு நாயை உள்ளறையில் விட்டு ரேடியோ போடுங்கள் என்றேன். கடைசி வீட்டில் பிறந்து ஒரு மாதமான குழந்தை. காதில் பஞ்சு வைக்கச் சொல்லிப் பஞ்சும் கொடுத்தேன். மூலைவீட்டு ரிடையர்டு வாத்தியாருக்கு இதயக் கோளாறு. அவரிடம் நேரம் சொல்லி, நாற்காலியைப் பின்கட்டில் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும், "புள்ள பொழைச்சு வந்திருக்கான், விடுங்க சார்" என்றார்கள். ராஜாங்கத்துத் தண்டோராகூட அவ்வளவு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்காது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. இப்போது யோசித்தால் ஒன்று புரிகிறது. நான் சம்மதம் கேட்கப் போகவில்லை, பாராட்டு வாங்கப் போனேன். சாவிலிருந்து மீண்ட குழந்தையின் அப்பன் மைசூர்பாகோடு வந்து நிற்கும்போது, எந்த வாத்தியார் 'எனக்கு நெஞ்சு படபடக்கும், வேண்டாம்' என்று சொல்வார்?

பக்கத்து வீட்டு யூசுப் பாய் மட்டும் அன்று ஊரில் இல்லை. வண்டிகளுக்குச் சீட்டுக் கவர் தைக்கும் பட்டறை வைத்திருந்த நம் யூசுப் பாய்தான், நீ 'சீட்டு மாமா' என்று கூப்பிடுவாயே. அவருடைய மாடியும் நம் மாடியும் ஒரே கைப்பிடிச் சுவர். அந்தப் பக்கம் மரச்சட்டமும் கம்பிவலையுமாக அவருடைய புறாக்கூண்டு. எல்லாம் பந்தயப் புறாக்கள். லாரியில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அப்பால் கொண்டுபோய்த் திறந்துவிட்டால், அடுகோடியில் இந்த மாடி எங்கே என்று கண்டுபிடித்து வந்து இறங்கும். எனக்கு நாலு தரம் போன கல்யாண மண்டபமே ஐந்தாம் தரம் தெரியாது. அவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போகும்போது கூண்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "ரெண்டு வேளை தீனி, தண்ணி. அவ்வளவுதான் அண்ணே. பொழுது சாய்ஞ்சா கதவு மூடியே இருக்கட்டும்" என்றார். நானும் சரி என்றேன்.

இனி வருவதுதான் என் மேதாவித்தனம். ஆறே முக்கால் மணிக்குப் பெட்டிகளை அடுக்கும்போது கூண்டைப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் சத்தம் கேட்டால் உள்ளே அடைபட்ட பிராணிகள் பயந்து கம்பியில் மோதிக்கொள்ளுமே, பொறி விழுந்தால் கூண்டு பற்றிக்கொள்ளுமே என்று என் கருணை உள்ளம் பொங்கியது. சிறகுள்ள ஜீவன், திறந்துவிட்டால் வெளியே பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டு வரட்டும். ஹைதராபாத்திலிருந்து வழி தெரிகிறவற்றுக்குப் பக்கத்து மடிவாளாவிலிருந்து தெரியாதா? பூட்டைத் திறந்து கதவை அகலமாக விரித்து வைத்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. எல்லாம் அடைந்து உட்கார்ந்துவிட்டன, தலையைத் திருப்பி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தன. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத்தான் அன்று உலகமே சம்மதம் சொல்லிக்கொண்டிருந்ததே.

உன் அம்மா உன்னைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் வாணம் போய் விரிந்தது. நீ கண்ணை முழுதாகத் திறக்கவில்லை. இரண்டாவதற்கு, எனக்குப் பின்னால் ஒரே சமயத்தில் நூறு துணியை உதறியதுபோல் ஒரு சத்தம். இருபத்திரண்டு புறாக்கள் இருட்டுக்குள் ஏறின. மூன்றாவது வாணம் அவற்றுக்கு மேலே வெடித்துப் பொன்னாகக் கொட்டியது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தங்கம். அவை ஒரு வளையமாகச் சுழன்றன, கலைந்தன, மறுபடி கூடின. பொறிகள் கீழே இறங்க, பறவைகள் மேலே ஏற, எது எது என்று சொல்ல முடியவில்லை. எல்லா மாடிகளிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பதினோரு நாளாக முனகல் தவிர வேறெதுவும் வராத உன் தொண்டையிலிருந்து சத்தமாக வந்தது: "ம்மா, தங்கப் பறவ." நான் ஆயுசில் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான். இதில் ஒரு நூல் கூட மிகைப்படுத்தவில்லை. உன் அம்மா, "ஐயோ, அது பாயோட புறாங்க. போதும், நிறுத்துங்க" என்றாள். நீ, "இன்னும்" என்றாய். அவை புறாக்கள் என்று எனக்குத் தெரியும். கீழே இறங்க இடம் தேடுகின்றன என்பதும் அந்த நொடியில் தெரிந்தது. நான் நீ சொன்னதைக் கேட்டேன். மிச்சம் இருந்த இரண்டு பெட்டியையும் கொளுத்தினேன். கதவைத் திறந்தது முட்டாள்தனம். இது முட்டாள்தனம் இல்லை. இதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

புகை அடங்கியதும் டார்ச் எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டினேன். கூண்டு காலி என்று நினைத்தேன். மூலையில் ஒரு சட்டியில் ஒரு பெட்டைப்புறா உட்கார்ந்திருந்தது. அடியில் இரண்டு முட்டை. கதவு திறந்திருக்கிறது, வானம் இடிந்து விழுகிறது, கூட இருந்தவை அத்தனையும் போய்விட்டன, அது எழுந்திருக்கவில்லை. உடம்பு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது, ஓடும் மோட்டார் மேல் வைத்த டம்ளர் தண்ணீர்போல. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒன்பது நாள் நான் பார்த்த முகம் அது. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மாடியில் போய் நின்றேன். பட்டறையைத் திறக்கவில்லை. எட்டு மணிக்குள் பதினொன்று வந்தன. மத்தியானம் மூன்று. சாயங்காலம் ஒன்று, ஒரு காலை மடித்துக்கொண்டு. அடுத்த தெரு மின்கம்பத்தடியில் ஒன்று கிடந்தது. யூசுப் பாய் அன்று சாயங்காலம் வந்தார். கல்யாணச் சட்டைகூட மாற்றாமல் மேலே ஏறிவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், ஒரே மூச்சில், முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல்.

"கதவை ஏன் அண்ணே தொறந்தீங்க?"

"பயந்துக்குமேன்னு பாய். பறந்துட்டு வந்துடும்னு நெனச்சேன்."

"அதுங்களுக்கு இருட்டுல எறங்கத் தெரியாது அண்ணே. சாயங்காலம் ஆனா குருடு மாதிரி."

நான், தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் வெடித்தேன் என்றேன். அந்த நேரத்திலும் என் பெருமையை விடவில்லை பார். அவர் கூண்டுப் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் சொன்னீங்க, சரி. இதுங்ககிட்ட எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். குத்திக்காட்டும் குரல் இல்லை. வழி கேட்கிறவர் கேட்பதுபோல் கேட்டார்.  அதற்குப் பதிலை இருபத்து மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. அப்புறம் அவர் கீழே போய் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். இருவரும் மாடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். எதற்கு என்று எட்டிப் பார்த்தோம். நடுத்தெருவில் ஒரு புறா நடந்து வந்துகொண்டிருந்தது. வலது சிறகு தரையில் இழுபட, தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டவர் நடையில். வெல்டிங் கடையைத் தாண்டியது. படுத்திருந்த நாயைச் சுற்றிக்கொண்டு போனது. பாய் வீட்டு வாசலில் நின்றது. அப்புறம் படி ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு குதி, ஒரு மூச்சு. பாய் இறங்கிப்போய்த் தூக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். பின்னாலேயே இறங்கிய என் கையைப் பிடித்து, "வேணாம் அண்ணே, வரட்டும்" என்றார். முப்பத்தாறு படிகள், நான் எண்ணினேன். மேலே வந்ததும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூண்டுக்குள் போய் அந்தச் சட்டி அருகே நின்றது. பெட்டை மூன்றாம் நாளாக எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்தது. இது ஏறி முட்டைகள்மேல் உட்கார்ந்தது. "ஆணுக்குப் பகல் டூட்டி" என்றார் பாய். "பத்து மணிக்கு மாத்திவிடணும். லேட்டாயிடுச்சு." நான் எந்தக் கதையையும் பத்து மடங்காக்கிச் சொல்பவன். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கே கூட்டுவது என்று தெரியவில்லை.

அன்று மாலைக்குள் இன்னொன்றும் வந்தது. மீதி ஐந்தில் மின்கம்பத்தடியில் கிடந்ததை மட்டும் அறிவோம். நாலு என்ன ஆயிற்று என்று கடைசிவரை தெரியாது. நீ படுக்கையில் இருந்தாய், உனக்கு ஒன்றும் தெரியவிடவில்லை. இரண்டு வாரம் கழித்து எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பாயிடம் ஓடினாய். "சீட்டு மாமா, நீங்க ஊர்ல இல்லாதப்ப வானத்துல தங்கப் பறவ வந்துச்சு" என்றாய். நான் பின்னால் நின்றேன். தரை பிளந்தால் நிம்மதியாக உள்ளே போயிருப்பேன். பாய் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் குனிந்தார். "அப்படியா? எத்தனை?" "நெறைய." "எனக்குக் காட்டாம போயிடுச்சே. குடுத்து வெச்சவன்டா நீ" என்று உன் கன்னத்தைத் தட்டினார். அவருடைய ஐந்து புறாக்கள் போன இடத்தில் உனக்கு ஒரு அதிசயம் கிடைத்திருந்தது, அதை அவர் உன்னிடமிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை. நான் உன் மாமனாரிடம் ஆயிரம் பறவை என்று அளந்தபோது பாயும் அந்தப் பந்தியில்தான் இருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

உன்னோடு வழக்காட எனக்குத் தைரியமில்லை, நீ படித்தவன். ஒரு சாயங்காலம், பத்து நிமிடம், தெருக்காரர்களிடம் சொல்லிவிடலாம் என்பாய். கல்யாணத்தில் கூடச் சந்தோஷப்படக் கூடாதா என்பாய். பட்டாசு வேண்டாம் என்று சொல்கிற சாமியாராக நான் மாறிவிடவில்லை. இன்றைக்கும் எங்கோ ஒரு வாணம் ஏறினால் சோற்றை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிறேன். தீபாவளி என்றால் ஊருக்கே தெரியும். பாய் மத்தியானமே கூண்டின் நாலு பக்கமும் கம்பளி கட்டி, உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார். என் வீட்டுச் சந்தோஷம் எந்தக் காலண்டரிலும் இல்லை. அது என் மனதில் தோன்றிய மாலையில் அடுத்தவர் கூரைமேல் விழுகிறது. வாய் உள்ளவர்கள் மரியாதைக்குச் சரி என்கிறார்கள். வாய் இல்லாதவை ஏன் வானம் இடிகிறது என்று தெரியாமல் இருக்கின்றன. அவற்றுக்கு உன் கல்யாணமும் ஒன்றுதான், யுத்தமும் ஒன்றுதான். இதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்று அளக்க என் பட்டறையில் கருவி இல்லை. இழுபட்ட அந்தச் சிறகைப் பார்த்த பிறகு தீக்குச்சி உரசும் கை கொஞ்சம் தயங்குகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பாயிடம் உன் ஆசையைச் சொன்னேன். அவருக்கு இப்போது அறுபத்தெட்டு. படி ஏற என்னைவிட நேரமாகிறது, புறாக்களை மட்டும் விடவில்லை. "நம்ம தம்பி கல்யாணம் அண்ணே, தாராளமா விடுங்க. பெருசுங்களைக் கூடையில போட்டு ஓசூர்ல மச்சான் வீட்ல ரெண்டு நாள் வெச்சுடறேன்" என்றார். "சின்னதுங்க?" என்றேன். மூன்று சட்டிகளில் குஞ்சுகள் பொரிந்திருக்கின்றன. உன் கல்யாணத்துக்குள் இறகு முளைத்துவிடும். தாய் தகப்பனை விட்டுத் தனியாகத் தீனி எடுக்க இன்னும் நாளாகும். "அதுங்களை நகத்த முடியாது. அதுங்க தாய் தகப்பனும் இங்கியே இருக்கட்டும். நான் கம்பளி கட்டிட்டு உள்ளயே உக்காந்துக்கறேன்" என்றார். "அப்ப மாப்பிள்ளை அழைப்பு?" "வீடியோல பாத்துக்கறேன் அண்ணே, என்ன இப்ப." சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சட்டியைக் கழுவப் போய்விட்டார். நீ மாலை போட்டுக்கொண்டு இந்தத் தெருவில் நடந்து வரும்போது, உன் பக்கத்தில் நடக்க வேண்டிய மனிதர் மாடியில் ஒரு கூண்டுக்குள் கம்பளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டால் அதற்கும் சந்தோஷமாகச் சரி என்பார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் இன்னும் அத்திபெலே போகவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை, கல்யாணம் உன்னுடையது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வா. நேராக மாடிக்குப் போ. பாய் ஒரு குஞ்சை எடுத்து உன் உள்ளங்கையில் வைப்பார், அவர் யாருக்கும் அப்படித்தான் செய்வார். இறகு சரியாக முளைத்திருக்காது, சூடாக இருக்கும், உடம்பு முழுவதும் நெஞ்சாக அடித்துக்கொள்ளும். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் கேள், எங்கள் மாடியில் வாணம் விடட்டுமா என்று. என்னைத் தூது அனுப்பாதே, மைசூர்பாகும் எடுத்துவராதே. நீ கேட்டு முடித்துவிட்டால் ஞாயிறு காலை நான் ஸ்கூட்டரை எடுக்கிறேன். இது மிரட்டல் என்று நீ நினைத்தால், ஆமாம், மிரட்டல்தான். வரும்போது ஷூவைக் கீழேயே கழற்றிவிடு, சத்தம் கேட்டால் குஞ்சு பதறும்.